ட்வெய்ட் வீட்டு டிரையர்

இந்த விசாரணை அறையில் தெர்மோஸ்டாட்டை வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சுவர் சில்லிட்டிருப்பதால் அறையும் சில்லிட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டு அது ஹீட்டரை ஓட விடுகிறது. அதனால்தான் நீங்கள் கழுத்துப் பொத்தானைத் தளர்த்துகிறீர்கள். ஒரு திருப்புளி கொடுத்தால் எதிர்ச்சுவருக்கு மாற்றிவிடுவேன். கொடுக்கமாட்டீர்கள், தெரியும். கை சும்மா இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. இந்தக் கால் ஆடுவதைப் பொருட்படுத்தாதீர்கள், பதினோரு நாளாக இப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறது.

பெயர் வெர்ன் ஹௌகன். முப்பத்தோரு ஆண்டாக இந்த ஊரில் வாஷிங் மெஷினும் டிரையரும் பழுது பார்க்கிறேன். மினசோட்டாவின் வடகோடியில் ஜனவரி மாதம் துணியை வெளியே காயப்போட்டால் பலகையாகி நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். டிரையர் நின்றால் வீட்டில் பாதி வேலை நின்ற மாதிரி. ஆகவே என்னை மதிப்பார்கள். அந்த மதிப்பு எனக்குப் பிடிக்கும், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

லோர்னா ட்வெய்ட் புத்தாண்டு முடிந்த வாரம் கூப்பிட்டார். எழுபத்தெட்டு வயது. கணவர் ஆர்வில் இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை. தினம் இரண்டு முறை அவருக்கு விரிப்பு மாற்ற வேண்டும், அத்தனையும் அந்த டிரையரில்தான் காய வேண்டும். மெஷினோ பத்து நிமிடம் ஓடும், வெப்ப உணரியில் கோளாறு என்று ஓர் எண்ணைக் காட்டும், நின்றுவிடும். உணரி என்பது விரல்நுனி அளவுச் சாமான். உள்ளே எவ்வளவு சூடு என்று மெஷினுக்குச் சொல்வதுதான் அதன் வேலை. புதிதாக ஒன்றை மாற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. மெஷினைத் தொடுமுன் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், சூட்டுக்காற்று வெளியேறும் குழாய் வாயில் கையை வைத்துப் பார்க்க வேண்டும். காற்று நன்றாக அடித்தால்தான் உணரியைச் சந்தேகப்படலாம். அடிக்காவிட்டால் குழாய் அடைத்திருக்கிறது, உணரி பாவம் உள்ளதைத்தான் சொல்கிறது. அன்று வெளியே இடுப்பளவு பனி, எனக்கு முழங்கால் வலி. நான் போகவில்லை.

நாலு நாளில் அதே எண் வந்தது. மறுபடி போய் மறுபடி புது உணரி வைத்தேன், கம்பியையும் மாற்றினேன். அப்போதும் வெளியே போகவில்லை. இரண்டாம் தடவை போனால் முதல் தடவை போகாததை நானே ஒப்புக்கொண்டது போல் ஆகும் என்று தோன்றியது.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காப்பி. எங்கள் ஊரில் யாரும் நேராகக் குறை சொல்வதில்லை, தின்னக் கொடுத்துத்தான் சொல்வார்கள். லோர்னா எலுமிச்சை கேக் தட்டோடு என் மேசைக்கு வந்தார்.

“இன்னொண்ணு எடுத்துக்கோ வெர்ன். எங்க வீட்டுக்கு வந்து வந்தே இளைச்சுட்டே.”

“மறுபடியும் நின்னுடுச்சா?”

“அது ஒண்ணும் பெரிய விஷயமில்லப்பா. விரிப்பையெல்லாம் நாற்காலி மேல போட்டுக் காய வைக்கிறேன். நீ சிரமப்படாதே, இந்த வாரம் வேணா அந்தக் கெண்ட்ராவை வரச் சொல்லிப் பாக்குறேன். சின்ன வயசு, குனிஞ்சு நிமிர்ந்து பாப்பா.”

பக்கத்திலிருந்த தபால்காரர் கிளேர் தட்டை நகர்த்திக்கொண்டே, “வெர்னுக்கு இப்பல்லாம் சாமான் மாத்த மட்டும்தான் தெரியும்னு என் வீட்டுக்காரி சொல்றா. நான் சொல்லலப்பா” என்றார்.

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. மேசை முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். உள்ளே எனக்குப் பற்றி எரிந்தது. கெண்ட்ரா பக்கத்து ஊரில் பழுது பார்க்கும் கடை போட்டு இரண்டு வருடம்தான் ஆகிறது, ஆனால் கெட்டிக்காரி. வந்தால் முதலில் வெளியே போய்க் கையை வைப்பாள். “நாளைக்கு நானே வர்றேன்” என்று லோர்னாவிடம் சொன்னேன்.

திங்கட்கிழமை முதல் வேலையாக மண்வாரியை எடுத்துக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போய்ப் பனியைத் தள்ளினேன். குழாய் வாயில் ஒரு நைலான் காலுறை கட்டியிருந்தது. எலியும் குருவியும் நுழையாமலிருக்க இங்கே பெண்கள் கோடை முடிவில் கட்டுவது அது, குளிர் இறங்குமுன் அவிழ்த்துவிடுவார்கள். ஆர்வில் விழுந்த பரபரப்பில் லோர்னா மறந்திருக்கிறார். உள்ளே துணிப்பஞ்சு அடைத்து, மேலே பனி உறைந்து கல்லாகியிருந்தது. நான் கழற்றி எறிந்த உணரிகளில் ஒன்றிலும் குறையில்லை.

சட்டைப்பையில் கத்தி இருந்தது. அறுக்க ஒரு நொடி போதும். நிமிர்ந்து பார்த்தால் லோர்னா சமையலறை ஜன்னலில் நின்று கையசைக்கிறார். அவர் கண்முன் அறுத்தால் அடுத்த ஞாயிறு அந்தக் காலுறையும் கேக் தட்டோடு சுற்றி வரும். நானும் கையசைத்தேன், பனியைத் திரும்ப அதன் மேல் தள்ளி மூடினேன்.

உள்ளே வந்து உணரியைக் கழற்றிவிட்டு, எவ்வளவு சூடானாலும் ஒரே அளவைச் சொல்லும் மின்தடை ஒன்றை வைத்தேன். சாம்பலில் நீங்கள் கண்டெடுத்த பொட்டு அளவுச் சாமான் அதுதான். அதற்குப் பின்னால் இன்னொரு காவலாக, சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஃபியூஸ் ஒன்று இருக்கும். அதையும் வேலை செய்யாமல் ஆக்கினேன். மெஷின் நிற்காமல் ஓடியது, எண் வரவில்லை. லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னிக்கு ஆர்வில் சூடான விரிப்புல படுப்பாரு” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அப்படியே விட்டுவிட நினைத்தேன் என்று எழுதிவிடாதீர்கள். வியாழக்கிழமை லோர்னா மருந்து வாங்க டவுனுக்குப் போவார். அந்த நேரத்தில் காலுறையை அறுத்து, உணரியையும் ஃபியூஸையும் பழையபடி வைத்துவிடுவதாகத் திட்டம். அதுவரை பொறுக்க முடியவில்லை. செவ்வாய் இரண்டு முறை வண்டியில் அந்தத் தெருவைச் சுற்றினேன், புதன் காலையும் போனேன். ஒவ்வொரு முறையும் யாராவது பனி வாரிக்கொண்டு நின்றார்கள், கையசைத்தார்கள், திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் உட்கார முடியாமல் என் சொந்த டிரையரைக் கழற்றித் துடைத்து மறுபடி பூட்டினேன்.

புதன் மதியம் போன் வந்தது.

“வெர்ன், தொந்தரவு பண்றேன். மெஷின் நல்லாத்தான் ஓடுது. ஆனா இஸ்திரி காந்தின மாதிரி ஒரு வாசம். நிறுத்திடட்டுமா?”

“புதுச் சாமான் வாசம்தான் லோர்னா. நாலஞ்சு தடவை ஓடினா போயிடும்.”

“அப்பாடா. நான் வேற வீணா பயந்துட்டேன்.”

முக்கால் மணி நேரத்தில் தீயணைப்பு வண்டி என் வீட்டைத் தாண்டிப் போனது. எந்தத் தெரு என்று நான் யாரையும் கேட்கவில்லை. இருவரின் உடல்களையும் படுக்கையறை வாசலில் கண்டதாக நீங்கள்தான் சொன்னீர்கள். லோர்னா ஆர்விலைக் கட்டிலோடு இழுத்துக்கொண்டு வரப் பார்த்திருக்கிறார்.

போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். நிறுத்தினால் விரிப்பு காயாது, காயாவிட்டால் மறுநாள் காலையிலேயே கெண்ட்ரா வந்து நிற்பாள். தீப்பிடிக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவள் வந்தால் ஊர் சிரிக்கும் என்பதும் தெரியும். இரண்டில் எது மோசம் என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை.