ஏழாவது வரியின் மேற்கோள்குறி

ஏரல் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவள் போலிருந்தது. இரைச்சலில் கேட்பதற்காகப் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறுமுனையில் வயதான ஆண் குரல்.

“தாயி, கம்ப்யூட்டர்ல லினக்ஸ் தொறக்கவே மாட்டேங்கு. கறுப்புத் திரையில எழுத்தா நிக்கு.”

“நான் சொல்லித்தந்த மாதிரி கம்ப்யூட்டரப் போட்டதும் ஓடுத அந்தத் தொடக்க ஸ்கிரிப்டத் தொறங்க அண்ணாச்சி. ஏழாவது வரி முடிவுல மேற்கோள்குறி இருக்கா?”

ஒற்றை விரலால் தட்டும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

“இல்ல தாயி.”

“போன சனிக்கிழமையும் அதுதான் இல்ல. அதுக்கு முந்துன வாரமும் அதுதான்.”

“ஆமா.”

“அது தானா அழியாது அண்ணாச்சி. நீங்களா அழிச்சிய?”

செய்துங்கநல்லூரில் ஆட்கள் இறங்கி, ஏறி, பஸ் மறுபடி கிளம்பியது.

“நாந்தான் அழிச்சேன். ஒரு காரியமும் இல்லாம ஒன்ன எப்படிக் கூப்பிட?”

அவள் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.

“குறியப் போட்டு சேமிச்சிட்டு, கம்ப்யூட்டர அணைச்சித் திரும்பப் போடுங்க. வந்துட்டா?”

“வந்துட்டு.”

“அடுத்த சனிக்கிழமை எதையும் அழிக்காமக் கூப்பிடுங்க.”

“கூப்பிட்டு என்ன பேச?”

“அன்னைக்கு என்ன சமைச்சியன்னு சொல்லுங்க, போதும். இன்னைக்கு என்ன?”

“நேத்து வச்ச சாம்பார்தான் கெடக்கு. வீட்டுக்காரி போயிச் சேந்து ஒரு வருசம் ஆச்சு. ஒரு ஆளுக்கு எவ்வளவு வைக்கணும்னு இன்னும் பிடிபடல தாயி.”