பன்னெண்டாம் மாசம் காலி

...பதினொண்ணு ரொப்பிட்டேன் டாக்டரம்மா, பதினொண்ணு! இன்னும் ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணுதான் காலையிலேருந்து என் உசுர வாங்குது. கையத் தூக்காதீங்க. ம்ஹூம், பேசவும் வேணாம். பேசினா தோள் ஏறும், தோள் ஏறினா அளவு மாறும், அப்புறம் கோட்டு சரியா உக்காரலன்னு என்னத்தான் சொல்வீங்க. நீங்க சும்மா நில்லுங்க, பேசுற வேலைய நான் பாத்துக்குறேன்.

இந்தாங்க, இந்தத் தாள எடது கையில பிடிச்சுக்கோங்க. பென்சிலையும். மேஜையில வெச்சா துணியோட சேத்து வெட்டிடுவேன். நேத்தே ஒரு மூலைய வெட்டிட்டேன், பாருங்க, நாலாம் மாசத்துல பாதியக் காணோம். ஊருக்குப் புதுசு நீங்க, உங்களுக்குத் தெரியாது, இதுதான் நம்ம மகளிர் மன்றத்தோட வருஷத் திட்டம். மாசம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு ஆள், ஒரு தலைப்பு. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மன்றத்துச் சுவத்துல ஒட்டியாகணும். ஒட்டினா ஒட்டினதுதான், அப்புறம் மாத்தவே முடியாது. இப்ப மணி என்ன? நாலேகாலா! ஐயோ!

ஒரு மாசம் காலியாக் கெடந்தா குடியா முழுகிடும்னு பாக்குறீங்க. முழுகிடும்! காலியா இருக்கிற மாசத்துல செயலாளரே எந்திரிச்சு நின்னு ஒரு மணி நேரம் பேசணும்னு விதி இருக்கு. எந்தப் புண்ணியவதி கொண்டுவந்தாளோ. செயலாளர் யாரு? நாந்தான்.

பன்னெண்டாம் மாசத்துக்கு ஆள் இல்லாம இல்ல. டவுன்லேருந்து பல் டாக்டர் வரேன்னு சொல்லியிருந்தாரு. 'பல்லைப் பாதுகாப்போம்'னு தலைப்புகூட அழகா எழுதி வெச்சேன். இன்னிக்குக் காலையில தபால்காரம்மா ஒரு கடுதாசியக் கொண்டாந்து நீட்டுறா. அவரால வர முடியாதாம். ஏன்னா பல்லப் புடுங்கிக்கிட்டாராம், வாயத் தொறக்க முடியலயாம்! ஏங்க, கூட்டத்துக்கு இன்னும் பதினொரு மாசம் இருக்கே, அதுக்குள்ள ஆறாதா? இந்த ஆளுகிட்ட ஒரு ஊரே பல்லக் காட்டுதுங்களே!

திரும்புங்க. மெதுவா... மெதுவா. ம்.

மத்ததெல்லாம் மட்டும் லேசா ரொம்புச்சுன்னு நெனைக்கிறீங்களா? மூணாம் மாசம் கோழிப்பண்ணைக்காரி. 'நல்ல கோழிய அடையாளம் காணுறது எப்படி'. போன வருஷமும் அதேதான், அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். இப்ப நாங்கல்லாம் கோழிய விட்டுட்டு அவள அடையாளம் கண்டு ஓடுறோம். உசுரோட கோழியத் தூக்கிட்டு வருவா. போன தடவ அது தலைவி டீச்சரம்மாவோட வருகைப் பதிவேட்டு மேல ஏறி உக்காந்து, நிதானமா முட்டை போட்டுட்டு எறங்கிச்சு. டீச்சரம்மா கோவிக்கலயே! "வந்திருக்கு"ன்னு குறிச்சுக்கிட்டாங்க. ஹஹ்ஹா... ஐயோ, சிரிக்க வெக்காதீங்க, ஊசி கோணலாப் போகுது.

ஏழாம் மாசம் என் ஓரகத்தி. 'வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது எப்படி'. அவ வீட்டுக்குப் போயிருக்கீங்களா? போகாதீங்க. நாற்காலியில உக்காந்தா, எந்திரிக்கிறதுக்குள்ள தொடச்சிடுவா. ஏழாம் மாசம் ஏன் தெரியுமா? அது அறுப்பு மாசம், எல்லாரும் வயல்ல கெடப்பாங்க, கூட்டத்துக்கு ஈ காக்கா வராது. போன வருஷமும் அவ பேச்சு அதே மாசந்தான், ஒருத்தரும் வர மாட்டாங்கன்னு நானும் குஷியா இருந்தேன். என்னாச்சு? கூட்டத்தன்னிக்குக் கொட்டோ கொட்டுன்னு மழை! வயல்ல இருந்த அத்தன பேரும் ஓடிவந்து மன்றத்துக்குள்ள ஒதுங்கிட்டாங்க. ஆம்பளைங்ககூட! அவ பேசப் பேசக் கைதட்டு. நான் ஜன்னலோரமா நின்னு மழையத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

வலது கைய நீட்டுங்க. அட! ஏங்க, உங்க வலது கை எடது கைய விட ரெண்டு விரக்கடை பெருசு, தெரியுமா? பின்ன, தெனமும் மாட்டுக்குள்ள தோள் வரைக்கும் விட்டுக் கன்னுக்குட்டியத் திருப்பினா? வெக்கப்படாதீங்க! இந்த ஊர்ல ஒருத்திக்குக்கூட ரெண்டு பக்கமும் சமமா இல்ல. எனக்குத்தான் தெரியும். பால்காரக்காவுக்கு வலது தோள் ஒரு இஞ்சு கீழ, கேன் தூக்கித் தூக்கி. தபால்காரம்மாவுக்கு எடது தோள், பை மாட்டி மாட்டி. டீச்சரம்மாவுக்கு ரெண்டுமே முன்னாடி வளைஞ்சிருக்கும், அவ்வளவு நோட்டு திருத்தியிருக்காங்க. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்குறதில்ல. எறங்கின பக்கம் உள்ளார கொஞ்சம் பஞ்ச வெச்சுத் தெச்சு விட்டுடுவேன். போட்டுக்கிட்டுக் கண்ணாடியப் பாப்பாங்க. நிமிந்துக்குவாங்க. அப்படியே நிமிந்து தெருவுல நடந்து போறதப் பாத்தா எனக்கு... நல்லா இருக்கும் டாக்டரம்மா, மனசுக்கு அவ்வளவு நல்லா இருக்கும்.

என் ஓரகத்திக்கும் எடது தோள் எறக்கந்தான். மாமியார் படுத்த படுக்கையா இருந்த நாலு வருஷம் அவதான் தூக்கித் தூக்கி உக்கார வெச்சா. நான் தெக்கிறேன் தெக்கிறேன்னு இங்க வந்து உக்காந்துட்டேன். அவளுக்கு மட்டும் ரெண்டு அடுக்குப் பஞ்சு வெப்பேன். அவளுக்கு அது தெரியாது. சொல்லிடாதீங்க! சொன்னா அதையும் பிரிச்சுத் தொவைப்பா.

எதுல விட்டேன்? ஆங், விதி. இன்னொரு விதியும் இருக்கு. கூட்டத்துல ஒருத்தர ஒண்ணு கேட்டு, மூணு எண்ணுறதுக்குள்ள அவங்க வாயத் தொறக்கலன்னா, ஒத்துக்கிட்டதா எழுதிடலாம். நல்ல விதிதான்! கூட்டத்துல கம்முனு உக்காந்துட்டு வெளிய வந்து கொற சொல்றவங்களுக்குன்னே கொண்டுவந்தது. பேரச் சொல்லல, அவ வீட்டு நாற்காலிய ஏற்கெனவே சொல்லிட்டேன். அப்பல்லாம் அவதான் செயலாளர். அவள மாட்டி விடலாம்னுதான்... ஆமா, கொண்டுவந்தது நாந்தான். காலி மாசத்து விதியுமா? அதுவும் நாந்தாங்க! ரெண்டும் நாந்தான்! அந்தப் புண்ணியவதி உங்க எதிர்லதான் நிக்கிறா, போதுமா?

போன மாசக் கூட்டத்துல டீச்சரம்மா "அடுத்த செயலாளரா தையக்காரி இருக்கட்டுமா?"ன்னாங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு! எனக்கு வாய் நெறையக் குண்டூசி, மன்றத்துத் திரைச்சீலைக்கு ஓரம் மடிச்சுக்கிட்டு இருந்தேன். தலைய ஆட்டுறேன், கைய ஆட்டுறேன்... "சந்தோஷத்துல ஆட்டுறா"ன்னு எழுதிட்டாங்க! என் ஓரகத்தி சிரிச்சா பாருங்க, அந்தச் சிரிப்ப.

சரி, டாக்டரம்மா... பன்னெண்டாம் மாசம் நீங்க பேசுறீங்களா? ஒண்ணு... ரெண்டு...

அட! ரெண்டுக்கே "மாட்டேன்"னுட்டீங்க! விதிய முன்னாடியே ஒளறினது என் தப்பு. பச்! கெட்டிக்காரி நீங்க. ஆனா வாயத் தொறந்தா தோள் ஏறும்னு சொன்னேனே... சரி சரி, ஏறல.

எனக்கென்ன, நான் பேசினா என்னங்குறீங்களா? நல்லாக் கேட்டீங்க. எதிர்ல ஒருத்தர் இருந்தா விடிய விடியப் பேசுவேன். பத்துப் பேர் வரிசையா உக்காந்து என்னப் பாத்தா... போயிடும். சத்தம் போயிடும். மூணு வருஷத்துக்கு முன்னாடி நன்றி சொல்லச் சொன்னாங்க. ஒரு வரிங்க, தாள்ல எழுதிக் குடுத்தது! எந்திரிச்சேன். நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. முன்னாடி இருந்த தண்ணிய எடுத்துக் குடிச்சேன், அது சிறப்பு விருந்தினரோட தண்ணி. குடிச்சுட்டு உக்காந்துட்டேன். சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. பயங்க. சுத்தப் பயம். அதுலேருந்து எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஏதாவது துணியத் தூக்கிட்டுப் போயிடுவேன், உக்காந்ததும் நாலு ஊசிய வாயில வெச்சுக்குவேன். யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க பாருங்க. அன்னிக்கு அந்தத் திரைச்சீலைக்கு ஓரமே மடிக்க வேண்டியதில்ல. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல இத.

போகட்டும். பின்பக்கம் கீழ் ஓரம் பாக்கி, அத முடிச்சுடுறேன். நேரா நில்லுங்க. இதுக்கு மட்டும் நான் பேச முடியாது, வாயில ஊசி...

ம்... ம்ம்... ம்.

ம்ம்?

ம்! ம்ம்ம்ம்! ம்ம்!

த்தூ... அப்பாடா! என்னங்க நடுவுல ஏதோ கேட்டீங்க? அவசரமா மூணு வெரல வேற மடக்குனீங்க. ஈ வெரட்டுறீங்கன்னு நெனச்சேன்... தாள்ல என்னத்த எழுதினீங்க? குடுங்க. குடுங்கங்குறேன்!

'பன்னெண்டாம் மாசம். தலைப்பு: தோள்பட்டை. பேசுபவர்: தையக்காரி. வாயில் ஊசி இல்லாமல்.'

டாக்டரம்மா! இது அநியாயம்! ஒரு வாயில்லா ஜீவனப் புடிச்சு... உங்களுக்கு அதான் வேலையே! அழிச்சுடுவேன். ரப்பர் எங்க? ரப்பர்... நான் என்னத்தப் பேசுவேன்? ஒரு மணி நேரத்துக்கு நான்... என்னது? இப்பவே முக்கா மணி நேரம் பேசிட்டேனா? மணியப் பாருங்கன்னா... ஐயையோ, அஞ்சாகப் போகுது!

இல்ல, அவங்க தோளப் பத்தி அவங்க முன்னாடியேவா? ஓரகத்தி முன்னாடியா? ரெண்டு அடுக்குப் பஞ்சையுமா சொல்லணும்... சொல்லலாமா? அழுதுடுவாளே. நானும் அழுதுடுவேனே. ஏங்க, நீங்க முன்வரிசையில உக்காருவீங்களா? நட்ட நடுவுல? உங்களையே பாத்துட்டு, "கையத் தூக்காதீங்க"ன்னு ஆரம்பிச்சேன்னா ஒருவேள...

எங்க போறீங்க? தாளக் குடுங்க! நீங்களே ஒட்டிடுறீங்களா? ஓடாதீங்க! டாக்டரம்மா! கோட்டக் கழட்டிட்டுப் போங்க, பின்னாடி ஏழு ஊசி நிக்குது... ஸ்கூட்டர்ல உக்காந்துடாதீங்க, நடந்தே போங்க! நானும் வரேன், இருங்க... பசை வேணாமா? கையில இவ்வளவு குண்டூசி இருக்கே, நாலு மூலைக்கும் நானே குத்துறேன்!