செல்லாத பெயர்

படிவம் நிரப்புவது யாருக்கும் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று யாரோ முன்பே யோசித்து வைத்திருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி. அந்தச் சொல் எப்போது பட்டியலில் சேர்ந்தது என்று. சொல்கிறேன். பட்டியல் எதற்கு என்பது அதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் கம்பெனி உப்பளம் பகுதியில் இருக்கிறது. காகிதப் படிவங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் மென்பொருள் செய்கிறோம். நிரப்பியதைச் சரிபார்ப்பது, உரிய அதிகாரிக்கு அனுப்புவது எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். 2007இல் ஆலைத் தொழிலாளர்களுக்கான மருத்துவ நிதியம் ஒன்று அதை வாங்கியது. அந்த வேலை முழுவதும் என்னுடையது.

கவுண்டரில் இருப்பவர்கள் பழகும்போது பெயர்க் கட்டத்தில் வாய்க்கு வந்ததைத் தட்டுவார்கள். ஆடு, மாடு, டெஸ்ட், சும்மா. அவை உண்மையான விண்ணப்பங்களோடு கலந்துவிடும். அதனால் ஒரு பட்டியல் வைத்தேன். அதில் உள்ள சொல் பெயராக வந்தால் 'பெயர் செல்லாது' என்று சிவப்பில் காட்டும். படிவம் மேலே போகாது. நல்ல ஏற்பாடு. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆடி மாதம் நிதியத்தின் கவுண்டரிலிருந்து நிர்மலா போன் செய்தார்.

"சார், ஒரு பெரியவர் வந்திருக்காரு. இதயத்துல வால்வு மாத்தணுமாம். அப்ரூவல் நம்பர் இல்லாம ஆஸ்பத்திரியில சேத்துக்க மாட்டேங்குறாங்க. தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. முன்னாடி ஒருவாட்டி இவரு அப்ளிகேஷன் குடுத்தாராம், அதையும் காணோம். இப்ப ஏத்துனா பேரு செல்லாதுங்குது."

"என்ன பேரு?"

"மண்ணாங்கட்டி. சிரிக்காதீங்க சார். நெசமாவே அதான் பேரு. கார்டுல இருக்கு."

நான் சிரிக்கவில்லை.

"மணின்னு போட்டு ஏத்திடட்டா சார்? காயிதத்துல வாங்குறதையும் நிறுத்திட்டாங்க."

"கார்டோட ஒத்துப்போகலன்னா பொய்ப் பதிவு ஆயிடும். உங்க வேலைக்குத்தான் ஆபத்து. கார்டுல உள்ளதையே போடுங்க. நான் பாக்குறேன்."

கார்டில் உள்ளதைப் போட்டால் போகாது என்று எனக்குத் தெரியும்.

அவருக்கு அருகில் ஒரு குரல் கேட்டது. "சாரை ஏம்மா தொந்தரவு பண்ற? நான் இன்னொரு நாளைக்கு வரேன்."

அவர் என் அப்பா. போனில் பேசுவது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். என்னை மகன் என்று வெளியில் எங்கேயும் சொல்லிக்கொள்ள வேண்டாம் என்று வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வாக்குத் தவறாதவர்.

அவருக்கு முன் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அவரைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமனே வேண்டாம் என்று தள்ளிவிடட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் பெயருக்கு முன்னால் உள்ள 'ம' என்னவென்று கேட்பார். பதிலுக்காக வகுப்பு மொத்தமும் காத்திருக்கும். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து அப்பா பெயர் மணி என்று சொல்லிவந்தேன்.

அன்று சாயங்காலம் முதலியார்பேட்டை வீட்டில் அப்பா கட்டிலில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பொண்ணு தங்கமான பொண்ணுப்பா. பேரை மாத்திக்கங்க தாத்தான்னு கிண்டல் பண்ணுது."

"மாத்தியிருக்கலாமே."

"இத்தினி வருசம் காப்பாத்துன பேருடா. இப்பப் போயி மாத்துனா எமனுக்கு நம்ம அட்ரஸ் தெரிஞ்சிடாது?" சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. அடங்கியதும் கேட்டார். "உன் மிஷினு எப்பதான் ஒத்துக்கும்?"

"பாக்குறேன்."

பார்த்தேன். தினமும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு வரியை நீக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் யார் நீக்கியது, எதற்காக என்று பதிவாகும். எங்கள் மேலாளர் தேவதாஸ் காரணம் கேட்பார். தவிர, சொந்த மனிதருக்காக விதியைத் தளர்த்துவது முறையல்ல.

அப்பா மறுபடியும் கவுண்டருக்குப் போனார். அதற்கப்புறமும் போனார். ஆவணி பிறக்கும் முன் ஒரு காலை, பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கக் கிளம்பியவர் பஸ் நிறுத்தத்தில் விழுந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதே உயிர் இல்லை.

தங்கை மாலா கொடுத்த புகாரால் நீங்கள் வந்திருக்கிறீர்கள். மென்பொருளில் பிழை என்று எழுதியிருக்கிறாள். பிழை எதுவும் இல்லை. சொன்னதைத்தான் அது செய்தது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆனி மாதம் நிதியத்தின் அதிகாரிகளுக்கு எல்லாவற்றையும் திரையில் ஓட்டிக் காட்டினோம். கவுண்டரில் அதுவரை ஏற்றியிருந்த விண்ணப்பங்கள் வரிசையாக வந்தன. ஒன்றில் நின்றது.

"இது என்னய்யா மண்ணாங்கட்டி?" என்றார் ஒருவர். அறையே சிரித்தது. தேவதாஸ் என்னைப் பார்த்தார்.

"யாரோ வெளையாடியிருக்காங்க சார்," என்றேன். நானும் சிரித்தேன். பெயருக்குக் கீழே வயது, மில் எண், எங்கள் வீட்டு முகவரி எல்லாம் இருந்தன. யாரும் அங்கே பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் அந்த விண்ணப்பத்தை அழித்தேன். பிறகு அந்தச் சொல்லைப் பட்டியலில் சேர்த்தேன். அதுவரை அது பட்டியலில் இல்லை. அப்பாவின் விண்ணப்பம் எல்லாக் கட்டங்களையும் தாண்டிப் போயிருந்தது. அதிகாரியின் ஒப்புதல் மட்டும்தான் பாக்கி.

வெட்கத்தால் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அப்பாவைப் பற்றி எனக்கு வெட்கம் கிடையாது. குப்பையைத் தள்ளுவது என் வேலை.

நீங்கள் இப்போது தட்டிக்கொண்டிருக்கும் இந்த வாக்குமூலப் படிவமும் நான் செய்ததுதான். அதில் என் பெயரை வெற்றிச்செல்வன் என்று மட்டும் போடுங்கள். இனிஷியல் வேண்டாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் போகும். அப்படித்தான் அமைத்திருக்கிறேன்.