துருப்பிடித்த மடக்குக்கத்தி

"என் சம்சாரம் ஊருக்குப் போனதாலதான் சார் இந்தக் கத்தி துருப்பிடிச்சிருச்சு."

கொல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷனில் நான் ஏறிய லோக்கல் ரயிலில் இப்படித் தமிழ் கேட்டால் திரும்பாமல் இருக்க முடியுமா? நரைத்த மீசைக்காரர் ஒருவர் மடக்குக்கத்தியை நகத்தால் திறக்கப் போராடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர்.

"எண்ணெய் விடலையா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"மூட்டுல விடாம இருப்பேனா? கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது, இன்னும் ஆட்டம் இல்ல."

"அப்புறம் எப்படித் துரு?"

"இந்த ஊர் ஈரம் சார். தினம் நறுக்கித் துடைச்சு வச்சா ஒண்ணும் ஆகாது. பிள்ளை படிப்புக்காக அவ மதுரையிலயே தங்கிட்டா. ஒருத்தனுக்கு எதுக்கு நறுக்கணும்? பழத்தை அப்படியே கடிச்சுர்றேன். கத்தி சும்மாவே கிடக்கு."

கொய்யாக்காரன் வந்தான். பழத்தைக் கீறி உப்புத் தடவப் போனவனைத் தடுத்து, மீசைக்காரர் முழுசாகவே வாங்கினார். ஒருவழியாகக் கத்தியைத் திறந்து, கைக்குட்டையால் துருவைத் தேய்த்துவிட்டு, பழத்தை இரண்டாக்கினார்.

"இந்தாங்க சார், பாதி."

"அடடா, பாலிகஞ்ச் வந்துருச்சு. வரேன் சார்."

கண்ணாடிக்காரர் கூட்டத்தோடு இறங்கிப் போய்விட்டார். மீசைக்காரர் கத்தியைத் துடைத்து மடக்கினார். பிறகு இரண்டு பாதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, முழுப் பழத்தைப் போலவே கடித்தார்.