முழங்கால் ஆழ நீர்

வெடிக்கிறது. மீண்டும் வெடிக்கிறது. சுவருக்கு அப்பால் புகை எழுகிறது. முதலில் ஒற்றை வெடிகள். ஒரு மூச்சு அமைதி. பிறகு சரவெடி. அண்மையில் ஈன்ற பெண் நீர்யானை தொட்டி நீரில் தலையை அமிழ்த்துகிறாள். முதுகு மறையவில்லை. எழுகிறாள். மீண்டும் அமிழ்த்துகிறாள். குட்டி அவள் வயிற்றடியில் நிற்கிறது.

மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு சிறிய உயிரியல் பூங்கா. நான் அதன் கால்நடை மருத்துவன். வைகாசி முகூர்த்த நாள். ஞாயிறு முற்பகல்.

ஈற்றுக்கு முன்பே ஆண் நீர்யானையைப் பிரித்தோம். தன் குட்டியையே கொல்லும் இயல்பு ஆணுக்கு உண்டு. அவனுக்கு ஆழமான குளம். அவளுக்கு முழங்கால் ஆழத் தொட்டி. குட்டி நின்றபடியே மூச்சுவிட வேண்டும். இடையில் இரும்புக் கதவு. விதி அதுவே. விதி பிழையன்று. விதியில் வெடி இல்லை.

விலங்குப் பேணுநர் ஆரோக்கியம் சுவரோரம் ஓடினார். அன்று அவர் தேவாலயப் பூசைக்குக்கூடப் போகவில்லை. மறுபுறம் திருமண மண்டபம்.

"ஏனுங்க! வெடிய நிறுத்துங்க! இங்க குட்டி போட்டிருக்குதுங்க!"

வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணாலத்துக்கு வெடி போடாம எழவுக்குங்களா போடறது? இன்னொரு சரந்தானுங்க. பொறுத்துக்கச் சொல்லுங்க உங்க அம்மணிய."

அம்மணி என்றே ஆரோக்கியமும் அவளை அழைப்பார்.

நீர்க்குழாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். தொட்டி நிறைய அரை நாள் ஆகும். அவளுக்கு அரை நொடியும் இல்லை. அஞ்சிய நீர்யானை ஆழத்தைத் தேடும். ஆழம் கதவுக்கு அப்பால் இருக்கிறது.

இரண்டாம் சரம் தொடங்குகிறது.

"டாக்டருங்க, தள்ளிப் போங்க! கதவப் பாத்து வாரா!"

முதல் மோதல். இரும்பு முனகுகிறது. ஆரோக்கியம் தாழ்ப்பாளைப் பற்றுகிறார். இரண்டாம் மோதல். கதவு சாய்கிறது. அவள் குளத்தில் இறங்கி மறைகிறாள். குட்டி பின்தொடர்கிறது. தாயைப் பின்தொடர்வது ஒன்றே அது அதுவரை கற்றிருந்தது.

"உட்டுராத அம்மணி! திரும்பு! திரும்பு!"

ஆண் வாய் திறந்தான். அவள் திரும்பினாள். குட்டி வரை நீரில் அது எட்டாத தொலைவு.

வெடி நின்றிருந்தது. நாகசுரம் தெளிவாகக் கேட்டது.

பிற்பகலில் மண்டபத்திலிருந்து பந்திச் சாப்பாடு வந்தது. கொண்டுவந்தவர் அதே பெரியவர். "தெரியாமப் போச்சுங்க" என்றார். கையில் கட்டுடன் ஆரோக்கியம் வாங்கி வைத்தார். எவரும் உண்ணவில்லை.

போர் என்று இதை எவரும் அறிவிக்கவில்லை. ஆகவே இழப்பை நானே எழுதிவைக்கிறேன்.

இரும்புக் கதவு ஒன்று. ஆரோக்கியத்தின் வலக்கை விரல்கள் இரண்டு. அம்மணியின் பால், அது வற்றும் வரை. ஆண் நீர்யானை ஒன்று. வேறு ஊருக்கு அனுப்பினார்கள். இனப்பெருக்க முயற்சி அத்துடன் நின்றது. குட்டி ஒன்று. பெண்.

பெயர் ஒன்று. குட்டி தானாக மூழ்கி எழும்வரை பெயர் வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஆரோக்கியம் ஒன்றை மனத்தில் வைத்திருந்தார். இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.