கப்டனின் சப்பாத்து

நோர்வேயில், லோறென்ஸ்கூக் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள். ஒருத்தி எழுதிய விண்வெளிக் கதை லண்டன் பத்திரிகை ஒன்றுக்குப் போகிறதாம். மற்றவள் அதைப் போனில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

“உன்ரை கப்டன் இங்கிலீஷ்காரன் இல்லையடி.”

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஏன்? பேர் ஜோர்ஜ். லண்டனிலை பிறந்தவன். நான் வாசிச்ச இங்கிலீஷ் கதையளிலை எல்லாம் அப்பிடித்தானே?”

“விண்கலத்துக்குள்ளை போக முதல் சப்பாத்தைக் கழட்டுறானே. அந்தக் கதையளிலை ஆரடி கழட்டினது?”

எழுதியவள் யோசித்தாள். “அப்ப நோர்வேக்காரன் எண்டு மாத்தட்டோ? இஞ்சை எல்லாரும் கழட்டுகினம்தானே.”

“மாத்து. ஆனா உள்ளை போனதும் கால் கழுவுறானே, அதுக்கு என்ன செய்யப்போறாய்?”

அவள் போனை வாங்கிக் கப்டனின் பெயரை அழித்தாள். புதுப் பெயரை எழுதுமுன், பாழாய்ப்போன என் தரிப்பிடம் வந்துவிட்டது.