இரண்டு முறை திறந்த கதவு

பெயர் யோலாண்டா புரூயிட். வயது ஐம்பத்து நான்கு. மேரிலாந்து மாநிலம், வில்லோமியர் ஊர், டானர் தெருவில் குடியிருக்கிறேன். வில்லோமியர் உயர்நிலைப் பள்ளியில் பாதுகாப்பு உதவியாளர் வேலை. விசாரணை அதிகாரி முன்னிலையில், எனக்குத் தெரிந்ததை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்கிறேன்.

தேர்வெழுதி இடம் பிடித்து, மாவட்டம் முழுவதிலிருந்தும் பஸ்ஸில் வரும் மேக்னெட் பிரிவுப் பிள்ளைகள் எங்கள் பள்ளியின் அறிவியல் கட்டடத்தில் படிக்கிறார்கள். அவர்கள் கழுத்தில் அடையாள அட்டைக்குப் பச்சைப் பட்டை. சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்குச் சாம்பல் பட்டை. டெரல் ஓக்ஸ் சாம்பல் பட்டைப் பையன், பத்தாம் வகுப்பு. அவன் வீடு பள்ளிக்கு நேர் எதிரே.

சம்பவத்தன்று அவனுக்கு அந்தக் கட்டடத்தில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். கழிப்பறைக்குப் போக நான்தான் அனுப்பினேன். பிள்ளைகள் உள்ளே போய் வேப் என்கிற மின்சிகரெட் அடிக்கிறார்கள் என்று பிரின்சிபால் சொன்னதால் மற்ற கழிப்பறைகளையெல்லாம் நானே பூட்டி வைத்திருந்தேன். அங்கே மட்டும்தான் பூட்டுவதில்லை. அனுமதிச் சீட்டைக் கொடுத்தபோது அவன், "அந்தப் பக்கம் போனா எனக்கும் மார்க் ஏறுமா மிஸ்?" என்றான். "கையக் கழுவிட்டு வந்து சேரு, அது போதும்" என்றேன்.

அதன் பிறகு, கார் நிறுத்துமிடத்தில் யாரோ துப்பாக்கியோடு நிற்பதாகவும், எல்லாரும் அறைக்குள் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அது நாடகக் குழுவின் மரத்துப்பாக்கி என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது யாருக்குத் தெரியும்? நடைவழிகளின் நடுக்கதவுகளைப் பூட்டிக்கொண்டே ஓடினேன். அறிவியல் கட்டட நடுக்கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது, பச்சைப் பட்டைப் பெண் ஒருத்தி மேக்னெட் பிரிவு ஆசிரியர் திரு. ஹால்டேன் அறைக் கதவைத் தட்டினாள். கதவு திறந்தது, அவளை உள்ளே இழுத்து உடனே சாத்தினார்கள். அவளுடைய பை வார் இடுக்கில் மாட்டிக்கொண்டதால் மறுபடி திறந்து அதையும் இழுத்துக்கொண்டார்கள். டெரல் அதற்குள் அங்கே ஓடி வந்துவிட்டான்.

கதவைத் திறக்கவே இல்லை என்று திரு. ஹால்டேன் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நான் இரண்டு முறை பார்த்தேன்.

டெரல் முதலில் விரலால்தான் தட்டினான். தன் பெயரைச் சொன்னான், சார் சார் என்று கெஞ்சினான். உள்ளேயிருந்து, "யாருக்கும் திறக்கக் கூடாது, போயிடு" என்ற குரல் வந்தது. அதற்கு அவன், "இப்பதானே சார் அவளுக்குத் திறந்தீங்க?" என்றான். அதன் பிறகுதான் உதைத்தான், கதவுக் கண்ணாடி விரிசல் விட்டது. நான் பூட்டியிருந்த நடுக்கதவுக்குச் சாவிக்கொத்தில் சரியான சாவி கைக்கு வந்து தொலையவில்லை. ஒருவழியாகத் திறந்து ஓடி, அவனை இழுத்துக்கொண்டு துடைப்பம் வைக்கும் அறைக்குள் புகுந்து தாழிட்டேன். இருட்டில் என் சட்டைக் கையைப் பிடித்தவன் போலீஸ் வரும்வரை விடவில்லை. ஒரே ஒருமுறை பேசினான்: "என் பட்டையக் கழட்டிட்டுத் தட்டியிருக்கணுமா மிஸ்?"

கண்ணாடிக்காக அவனைப் பள்ளியை விட்டு நீக்கப் போகிறார்களாம். அதனால்தான் இதைச் சொல்ல நானாக வந்தேன்.

இந்த வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 'கதவை உடைத்து நுழைய முயன்ற மாணவன்' என்று தட்டச்சாகியிருந்ததை அடித்து நீக்கச் சொன்னேன். அந்த இடத்தில் 'வெளியே விடப்பட்ட மாணவன்' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை.

(ஒப்பம்) யோலாண்டா புரூயிட்